மருந்துக்கடைக்காரர் சொன்னார்

மருந்துக்கடைக்காரரை ஒழித்துக்கட்டிவிட வேண்டும் என்று பவர்காரர் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாய் நிறைய காபியோடு. ஆளையே ஒழிப்பதல்ல. அந்தத் துணிச்சல் அவர் பரம்பரையிலேயே யாருக்கும் கிடையாது. மனைவியின் பேச்சிலிருந்து ஒழிந்தால் போதும் என்றுதான் நினைத்தார்.

பவர்காரர் என்றதும் ஏதோ பெரிய செல்வாக்குள்ள மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணைப் பார்த்து, பவர் சொல்லி, பிரேம் மாட்டி அனுப்புவார். அதனால் தெருவுக்குப் பவர்காரர். வீட்டுக்கு வரும்போது அந்தப் பெயரைச் செருப்போடு வாசலில் கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். நுழைந்தால் சோபா. சோபாவை விட்டால் சாப்பாட்டு மேஜை. நடுவில் யாராவது வேலை சொன்னால் காது கொஞ்சம் மந்தம்.

அவர் மனைவி பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர்கள் எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசினாலும், கடைசியில் அவள் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இதைப் பவர்காரர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

விஷயம் இதுதான். தெருமுனை மருந்துக்கடையில் புதிதாகப் பாயின்ட் திட்டம் கொண்டுவந்திருந்தார்கள். வாங்கும்போது போன் நம்பரைச் சொன்னால் பாயின்ட் ஏறும். பாயின்ட் சேர்ந்தால் கூப்பன் வரும். கூப்பனைக் கொடுத்தால் விலை குறையும். ஏறிக்கொண்டே போய் முதலில் கோல்டு மெம்பர் ஆகிறவருக்கு, கால் பிடித்துவிடும் மெஷின் ஒன்று பரிசு. அந்த மெஷினைக் கடை வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பவர்காரரின் மனைவி அதைப் பார்க்காமல் அந்தத் தெருவைத் தாண்டியதில்லை.

பாயின்ட் ஏறினால் ஏறிவிட்டுப் போகட்டும். கூடவே மருந்துக்கடைக்காரரும் அல்லவா வீட்டுக்குள் ஏறிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேளுங்கள்.

"சர்க்கரை கம்மியா இருக்கே," என்றார் பவர்காரர்.

"கம்மியாதான் போட்டேன். மருந்துக்கடைக்காரர் சொன்னார், இந்த வயசுல குறைச்சுக்கணும்னு."

"எந்த வயசுல?"

"உங்க வயசுல."

"என் வயசு அந்தாளுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். அவர் நம்பவே இல்லீங்க."

பவர்காரர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரொம்பக் கம்மியா நெனச்சிட்டாரோ?"

"உங்களை அவர் பார்த்ததே இல்லையே. என்னைப் பார்த்துட்டு, 'உங்க வீட்டுக்காரருக்கு அவ்வளவு வயசு இருக்காதே மேடம்'ன்னார்."

"கூப்பன் கிழிக்கிறாரா, ஜொள்ளு விடறாரா?"

"சீ, என்ன பேச்சு இது. எவ்வளவு பொறுமையான மனுஷன் தெரியுமா? தலைவலி மாத்திரை கேட்டா, உடனே எடுத்து நீட்டிட்டுக் காசைக் கேக்க மாட்டார். முதல்ல ஏன் தலைவலிக்குதுன்னு கேப்பார்."

"நானும்தான் கேப்பேன்."

"எனக்குத் தலைவலின்னு சொன்னா நீங்க டிவி சத்தத்தைக் கூட்டுவீங்க."

"அது கேக்கலையேன்னு..."

"அந்த வெள்ளைக் கோட்டுல நிக்கறப்பவே ஒரு மரியாதை வருதுங்க."

"ஏம்மா, நானும் வெள்ளைக் கோட்டுதான் போடறேன்."

"உங்களுது வெள்ளையாவா இருக்கு?"

இதைத்தான் வாய் நிறைய காபியோடு கேட்டார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. சுற்றி வளைத்துச் சொல்லுவானேன். கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை, 'எங்க வீட்டுக்காரர் சொன்னார்' என்று பெருமையாக அவள் யாரிடமாவது சொல்லி அவர் கேட்டதில்லை. சொல்கிற மாதிரி அவர் எதுவும் செய்ததில்லை என்பது வேறு விஷயம். ஆனால் 'மருந்துக்கடைக்காரர் சொன்னார்' மட்டும் காபிக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு ஒருமுறை, விளக்கணைக்கும் முன் ஒருமுறை. எந்தப் புருஷன் தாங்குவான்?

மறுநாள் கடையைச் சீக்கிரமாகச் சாத்திவிட்டு, மருந்துக்கடைக்கு எதிர்ச் சாரியில் போய் நின்றார். கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. மருந்துக்கடைக்காரருக்குத் தலை நிறைய முடி. மற்றதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம், அந்த முடியைப் பவர்காரரால் மன்னிக்க முடியவில்லை. மனைவி கவுன்டருக்கு முன்னால் நின்றாள். அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார், பார்த்தார், ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். மறுபடி பார்த்தார், மறுபடி சிரித்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில் மாடி வீட்டுத் தாத்தாவிடம் கிடைத்தது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க் கடிதமெல்லாம் சுமந்து பழகியதால் ஊர்ச் செய்தியையும் வீடு வீடாகச் சேர்த்துவிடுவார்.

"அதுவா தம்பி? நம்ம நம்பரைத் தட்டினா, நாம அங்கே என்னென்ன வாங்கினோமோ அத்தனையும் வரிசையா வந்துடும். அதை வச்சுத்தான் கூப்பன் போடறாங்க. அதை வச்சுத்தான் விசாரிக்கிறதும்."

"எல்லாமே தெரியுமா?"

"எல்லாமே. முந்தாநாள் நான் சும்மா இருமல் மிட்டாய் வாங்கப் போனேன். 'பல்செட் ஆடுதா தாத்தா, பசை வேணுமா?'ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி கேட்டுட்டார். எனக்குக் காது கேக்காதுன்னு நினைப்பு. பக்கத்துல நின்ன அம்மா நைசா தள்ளி நின்னுட்டாங்க."

"தள்ளி நின்னுட்டாங்களா?"

"நல்லா தள்ளி. பல்செட்டுன்னா தொத்து வியாதியா என்ன?"

தாத்தா வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். பவர்காரருக்கோ பொறி தட்டிவிட்டது. மனைவியின் நம்பரில் பல்செட் பசை ஏறினால்? அதற்கு மேல் இன்னும் நாலு கண்றாவி ஏறினால்? மருந்துக்கடைக்காரர் அவள் நம்பரைத் தட்டுவார், பட்டியலைப் பார்ப்பார், அவள் பல்லைப் பார்ப்பார், அவரும் நைசாகத் தள்ளி நிற்பார். தான் போய்ச் சண்டை போட வேண்டாம், சந்தேகப்பட்டதாகப் பெயர் வாங்க வேண்டாம். இப்படி ஒரு மூளை தனக்கு இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போனதே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மருந்துக்கடைக்காரர் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்துப் போனார். கல்லாவில் ஒரு பெண் மட்டும் இருந்தாள்.

"பல்செட்டுக்கு ஒட்டுவாங்களே, அந்தப் பசை ஒண்ணு குடும்மா."

அந்தப் பெண் அவர் வாயைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"பாயின்ட் நம்பர் இருக்கா சார்?"

மனைவியின் நம்பரை, உதட்டைத் திறந்தும் திறக்காமலும் சொன்னார். பசையைக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கடையின் அடி டிராயரில், உடைந்த பிரேம்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அன்றைக்குக் கண் பார்க்க வந்தவர் கடைசி வரி தெரியவில்லை என்றபோது, "பரவாயில்லை சார், எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்று தட்டிக் கொடுத்தார். அவ்வளவு குஷி.

பசையோடு நிற்கவில்லை. அதற்கும் காரணம் மனைவிதான். சாப்பாட்டு மேஜையில் அவள் பாட்டுக்கு எதையாவது சொல்லுவாள்.

"எங்க ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கெல்லாம் பேன் வந்திருக்குங்க. பேன்னு சொன்னாலே ஆளுங்க எப்படி ஓடறாங்க தெரியுமா?"

மறுநாள் பேன் ஷாம்பு வாங்கினார். இரண்டு வாங்கினால் இன்னும் உறைக்கும் என்று இரண்டு வாங்கினார்.

"எங்க கணக்கு டீச்சர் இருக்காங்களே, பாவம், குறட்டையாம். மூக்குல ஒட்டற பட்டை ஒண்ணு விக்குதாம். அதைக் கடையில கேக்கறதுக்கே கூச்சமா இருக்காம்."

குறட்டைப் பட்டை வாங்கினார்.

"படர்தாமரைன்னா பேரு எவ்வளவு அழகா இருக்கு. ஆனா வந்தவங்க பக்கத்துல யாராவது உக்காருவாங்களா?"

களிம்பு வாங்கினார். அடி டிராயர் நிறைந்து, அடுத்த டிராயரிலும் பிரேம்களை வழித்து ஒதுக்கினார். கடவுளாகப் பார்த்து அவள் வாயாலேயே யோசனை சொல்ல வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். கடவுளுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

பலனும் தெரிந்தது. காபிக்கு ஒருமுறை வந்த மருந்துக்கடைக்காரர் காணாமல் போனார். அப்புறம் சாப்பாட்டு வேளையிலும் காணோம். பவர்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானாகவே தூண்டில் போட்டார்.

"என்ன, உங்க மருந்துக்கடைக்காரர் இப்பல்லாம் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"அவரா?" மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "முன்ன மாதிரி இல்லீங்க. என்னைப் பார்த்தா முகமே ஒரு மாதிரி ஆயிடுது. ரொம்ப நேரம் கம்ப்யூட்டரையே பார்க்கறார். அப்புறம் பெருமூச்சு விடறார்."

"பெருமூச்சா?"

"நீளமா."

பவர்காரர் எழுந்து போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்:

"சனிக்கிழமை மருந்துக்கடைக்கு நீங்களும் வாங்களேன். அவரே கேட்டார், உங்க வீட்டுக்காரரை ஒருநாள் கூட்டிட்டு வாங்கன்னு."

வரச் சொன்னால் சும்மாவா? தோற்றவனை நேரில் பார்க்கிற சந்தோஷம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். தலையில் இருந்த முடியை எல்லாம் ஒரே பக்கமாகச் சீவினார். வழியெல்லாம் மனைவிக்கு முன்னால் நடந்தார். அவள் கேட்டாள், "என்னங்க, அவ்வளவு வேகம்?" "சும்மாதான்," என்றார்.

சனிக்கிழமைக் கூட்டம். வரிசையில் மாடி வீட்டுத் தாத்தா நின்றார். அவருக்கு முன்னால், நேற்றுத்தான் பவர்காரர் கையால் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போன வங்கி மேனேஜர் நின்றார். பவர்காரரைக் கண்டதும் மருந்துக்கடைக்காரர் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் கை கொடுக்கவில்லை. முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க. பார்த்து, பார்த்து. படி இருக்கு." ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். பிறகு குனிந்து, காது மந்தமானவரிடம் பேசுகிற குரலில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "பல்செட் எப்படி இருக்கு சார்? பழகிடுச்சா?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எது?" என்றார் பவர்காரர்.

"ஆரம்பத்துல பேச வராது. அவசரப்படாதீங்க. நிதானமா சொல்லுங்க."

பவர்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு வைட்டமின் பாட்டிலை எடுத்து, அதில் எழுதியிருப்பதை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, அதை விடுங்க. தலையில அரிப்பு நின்னுடுச்சா? ஷாம்பு ரெண்டு போயிருக்கே."

வங்கி மேனேஜர் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார். பவர்காரரின் விரல் பட்ட காதோரக் கம்பிகளைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்துவிட்டு, கைக்குட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இல்ல சார், நீங்க தப்பா..." என்று ஆரம்பித்தார் பவர்காரர்.

"வெட்கப்படாதீங்க சார்," என்றாள் கல்லாப் பெண். அவள் குரலில் அத்தனை பரிவு. மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாள்: "நீங்க சாப்பிடப் போற நேரமா பார்த்துத்தான் சார் வருவார். வாயை மூடிக்கிட்டே நம்பர் சொல்லுவார். பார்க்கவே கஷ்டமா இருக்கும்."

"மேடம் எல்லாம் சொல்லியிருக்காங்க சார்," என்றார் மருந்துக்கடைக்காரர். "பல்லு, தலை, தோலு, மூக்கு எல்லாமே. நான்தான் நேர்ல பார்த்து ஆறுதலா நாலு வார்த்தை பேசணும்னு கூட்டிட்டு வரச் சொன்னேன்."

பவர்காரர் யோசித்துப் பார்த்தார். இதெல்லாம் எனக்கில்லை என்று சொல்லலாம். அப்படியானால் யாருக்கு என்பார்கள். மனைவிக்கு என்று சொல்லலாம். முத்து முத்தான பல்லோடு அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். யாருக்கும் இல்லை, சும்மா வாங்கினேன் என்று சொல்லலாம். ஏன் வாங்கினாய் என்பார்கள். அந்தக் கேள்விக்கு உள்ள பதிலை, தலை நிறைய முடி வைத்திருக்கிற இந்த மனிதருக்கு எதிரில் சொல்வதைவிடப் பல்லில்லாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

"பசை," என்றார் கடைசியில். "நல்லாத்தான் ஒட்டுது."

"ஒட்டும், ஒட்டும்," என்றார் வரிசையிலிருந்த மாடி வீட்டுத் தாத்தா. "அதே பசைதான் நானும். சொல்லவே இல்லையே தம்பி, நீங்களும் நம்ம கட்சிதானா?"

மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "எல்லாரும் பார்த்துக்குங்க. இத்தனை கஷ்டத்தையும் வீட்டுல வச்சுக்கிட்டு, மேடம் ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பாங்களா? சிரிச்ச முகமாவே வருவாங்க, போவாங்க. எனக்குப் பெருமூச்சுதான் வரும். சார், நீங்க குடுத்து வச்சவர்."

வரிசையில் நின்ற பெண்கள் 'த்சொ த்சொ' என்றார்கள். எல்லாரும் பவர்காரரின் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஆமாம்," என்றார் அவர். "குடுத்துத்தான் வச்சிருக்கேன்."

மனைவியைப் பற்றி நாலு பேர் முன்னால் அவர் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் வைட்டமின் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. எதிர்ச் சாரியில் நின்றுகொண்டு அவர் பார்த்துப் பொசுங்கினாரே, அதே சிரிப்பு. அதற்குள் மருந்துக்கடைக்காரர் வாசல் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். தெருவிலேயே முதல் கோல்டு மெம்பர் மேடம்தானாம். கூட்டம் கை தட்டியது. மெஷினை வீடுவரை சுமந்து வந்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

வீட்டுக்கு வந்ததும் அவள் மெஷினைச் சோபாவுக்கு எதிரில் வைத்து, சோபாவில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டாள். அது உர்ரென்று பிடித்துவிட ஆரம்பித்தது. சோபாவில் இடமில்லாததால் பவர்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"என்னது?"

"பசை."

"நீங்க வாங்கின அன்னிக்கே. அந்த நம்பர்ல எது வாங்கினாலும் உடனே எனக்கு மெசேஜ் வரும்ங்க. ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், டிங்குன்னு ஒரு சத்தம். பல்செட் பசை. சரி, தாத்தாவுக்காக வாங்கறீங்களாக்கும், திருந்திட்டீங்கன்னு நெனச்சேன். தாத்தாவைக் கேட்டா, கம்ப்யூட்டர்ல என்ன வரும்னு நீங்க துருவித் துருவிக் கேட்டதைச் சொன்னார். அப்பத்தான் விளங்கிச்சு."

"அப்ப பேனு, குறட்டை?"

"அந்தந்த வாரம் எதுக்கு ரெட்டைப் பாயின்ட்டோ, அதைத்தான் சாப்பிடறப்ப சொன்னேன்."

பவர்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கடை டிராயர்ல இருக்கறதையெல்லாம் திங்கட்கிழமை எடுத்துட்டு வந்துடுங்க," என்றாள் அவள். "பசை தாத்தாவுக்கு. ஷாம்பு ஸ்கூலுக்கு. பட்டை கணக்கு டீச்சருக்கு. களிம்பு எங்க ஸ்கூல் வாட்ச்மேன் கேட்டிருக்கார். ஒண்ணுகூட வீண் போகாது."

"எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தாளை ஏன் அப்படிப் புகழ்ந்தே? காபியில அவர், சோத்துல அவர். என்னை ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருக்கியா?"

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"நான் எத்தனை வருஷமா சொல்லியிருப்பேன், ஒரு மாத்திரை வாங்கிட்டு வாங்கன்னு. போயிருக்கீங்களா? உங்களைப் புகழ்ந்தா நீங்க இன்னும் நல்லா சாஞ்சு உக்காருவீங்க. அடுத்தவரைப் புகழ்ந்தாதான் எழுந்திருக்கறீங்க. இந்த மாசம் பூரா கடைக்கு நடையா நடந்தது யாரு? நீங்கதானே. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? எங்க ஆபீஸ்ல எல்லாருகிட்டயும் சொன்னேன், எங்க வீட்டுக்காரர் எனக்கு ஒரு வேலையும் வைக்கறதில்லன்னு."

"நெஜமாவா? எல்லாருகிட்டயுமா?"

"கணக்கு டீச்சருக்கு ஒரே பொறாமை."

பவர்காரருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பல் போனது, தலை அரித்தது, மேனேஜர் துடைத்தது எல்லாம் மறந்துபோனது. சோபாவின் ஓரத்தில் மெல்ல உட்காரப் போனார். அவள் மெஷினை மறுபடி போட்டாள்.

"அந்தக் காய்கறிக் கடைக்காரர் இருக்காரே," என்றாள், கண்ணை மூடிக்கொண்டு. "தக்காளியை ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்து எனக்குன்னு பொறுக்கிப் போடறார். நேத்து என்ன சொன்னார் தெரியுமா..."

இது என்னவென்று பவர்காரருக்குத் தெரியும். கடைசி வரிவரைக்கும் பளிச்சென்று தெரியும். ஆனாலும் உட்காரப் போனவர் உட்காரவில்லை.

"பை எங்கம்மா இருக்கு?" என்றார்.